உபரி யாருடையது? அம்பேத்கர் வாழ்வு தரும் விடை

வரவுக்குள் செலவை அடக்கி உபரி காட்டும் அரசை நல்லரசு எனப் போற்றும் வழக்கம் உண்டு. அந்த மிச்சம் யாரிடம் பெறப்பட்டது, யாருக்கு மறுக்கப்பட்டது என்று கேட்கப் புரட்சியாளர் அம்பேத்கரின் வாழ்விலிருந்தே நாம் கற்கிறோம்.

1891இல் மாவ் நகரில் பிறந்த அவரை, 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது பரோடா அரசின் உதவித்தொகை. மாதம் பதினொன்றரைப் பவுன், மூன்றாண்டுகளுக்கு. கருவூலத்திலேயே தங்கியிருக்கக்கூடிய அச்சிறு தொகை ஒரு பொருளியல் அறிஞரை உருவாக்கியது.

அங்கு அவர் ஆய்ந்தது அரசின் கணக்குகளையே. 1915இல் முதுகலைப் பட்டத்துக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனியின் நிதி நிர்வாகத்தை ஆராய்ந்தார். மைய அரசும் மாகாணங்களும் 1833 முதல் 1921 வரை வருவாயைப் பங்கிட்ட வரலாற்றை 1925இல் நூலாக வெளியிட்டார்.

அவ்வரலாற்றின் இறுதிக் கட்டத்தில் நம் மண்ணும் இருக்கிறது. 1920இன் மெஸ்டன் தீர்வுப்படி, மைய அரசின் பற்றாக்குறையை அடைக்க மாகாணங்கள் 983 லட்சம் ரூபாய் அளிக்க வேண்டியிருந்தது. அதில் 348 லட்சம் சென்னை மாகாணத்தின் பங்கு. தென்காசியும் குற்றாலமும் அம்மாகாணத்தின் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தவை. ஏட்டில் கணக்கிட்ட உபரி, பள்ளியாகவோ கிணறாகவோ மாறும் முன்பே டில்லிக்குச் சென்றது.

1927இல் பம்பாய் சட்டமன்றத்தில், மதுவரியாக மக்களிடம் பெறுவதைவிடக் குறைவாகவே அரசு கல்விக்குச் செலவிடுகிறது என்று அம்பேத்கர் சுட்டினார். 1942இல் வைஸ்ராயின் நிர்வாகக் குழு உறுப்பினரானதும், பட்டியல் சாதியினரின் குறைகளை மனுவாக அளித்து வாதாடினார். அதன் பயனாக 1944இல் உயர்கல்வி உதவித்தொகைக்கு ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. பத்தாம் வகுப்புக்குப் பின் நம் மாணவர்கள் பெறும் உதவித்தொகையின் வேர் அதுவே. 1956 டிசம்பர் 6 அன்று அவர் மறைந்தார்.

சிக்கனத்துக்கு நாம் எதிரிகள் அல்லர். பேரிடருக்கெனச் சேர்த்துவைக்கும் உபரி மக்களுக்கு அரண். ஆனால் வடகரையில் ஒரு மாணவியின் உதவித்தொகை தேர்வு முடிந்தும் வந்துசேராமல், அதே தொகை ஆண்டிறுதிக் கணக்கில் மிச்சமாகத் தோன்றினால், அரசு அவருக்குக் கடன்பட்டிருக்கிறது என்றே பொருள். ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிக்கான நிதி ஒதுக்கீட்டுக்கும் பயன்பாட்டுக்கும் 2024இல் தமிழ்நாடு தனிச்சட்டம் இயற்றியுள்ளது. அச்சட்டத்தைக் கையிலேந்தி, ஒதுக்கியதில் செலவானது எவ்வளவு என்று ஆண்டுதோறும் கேட்போம்.