புள்ளிகளில் மழையைத் தேடியவர்

திருத்தணியை அடுத்துள்ள பொதட்டூர்பேட்டை, நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். மழை மிகுந்தால் ஏரியில் நீர் மிகும். இது நேர் ஒட்டுறவு. அதே மழையில் தெருவில் பாவு நீட்டிப் பசையிட்டு உலர்த்த இயலாது. மழைநாள் கூடக்கூடக் கைத்தறி வேலை குறையும். இஃது எதிர் ஒட்டுறவு. இரு அளவுகளையும் இரண்டு அச்சுகளில் கொண்டு புள்ளிகளிட்டால், முன்னதில் புள்ளிகள் வலப்புறம் செல்லச்செல்ல மேலேறும்; பின்னதில் கீழிறங்கும். இதுவே சிதறல் விளக்கப்படம். புள்ளிகள் ஒரு நேர்க்கோட்டை நெருங்குந்தோறும் ஒட்டுறவு வலுப்பெறும். இக்கணக்கைக் கொண்டு உலகின் வானிலையையே ஆராய்ந்தவர் சர் கில்பர்ட் வாக்கர்.

இவர் 1868ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ராக்டேல் என்னும் ஊரில் பிறந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணிதத் தேர்வில் 1889இல் முதலிடம் பெற்றார். 1904இல் இந்திய வானிலைத் துறையின் தலைவரானார். 1899இல் நல்ல மழை பெய்யும் என அத்துறை முன்னறிவித்திருக்க, பருவமழை பொய்த்துப் பெரும்பஞ்சம் நேர்ந்தது. வானிலையியல் பயின்றிராத அக்கணித அறிஞர்முன், மழையை முன்கூட்டியே அறியும் பணி காத்திருந்தது.

கணிப்பொறி இல்லாத அக்காலத்தில், இந்தியப் பணியாளர்கள் கையாலேயே கணக்கிட்டனர். பல நாடுகளின் காற்றழுத்தம், வெப்பநிலை, மழையளவு, நைல் ஆற்று வெள்ளம் ஆகியவற்றுக்கிடையே ஒட்டுறவுக் கெழுக்கள் காணப்பட்டன. சூரியப் புள்ளிகளே மழையைத் தீர்மானிக்கின்றன என்னும் கருத்தையும் வாக்கர் சோதித்தார்; வலுவான உறவு தென்படவில்லை. நூற்றுக்கணக்கான இணைகளை ஒப்பிட்டால் அவற்றுள் சில தற்செயலாகவே பொருந்திவிடும் என்பதை உணர்ந்து, அதனைக் கண்டறியும் சோதனை முறையையும் வகுத்தார்.

தகுதியை அடையாளங்காண்பதிலும் அவர் தேர்ந்தவர். 1913இல் சென்னைக்கு வந்தபோது, துறைமுகத்தில் எழுத்தராகப் பணியாற்றிய இராமானுசனின் கணிதக் குறிப்புகளைக் கண்டார். மறுநாளே சென்னைப் பல்கலைக்கழகத்திற்குப் பரிந்துரைக் கடிதம் எழுதினார். திங்கள்தோறும் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை இராமானுசனுக்குக் கிடைத்தது.

பசிபிக் பெருங்கடலில் காற்றழுத்தம் உயரும்போது இந்தியப் பெருங்கடல் பகுதியில் தாழ்வதையும், அங்குத் தாழும்போது இங்கு உயர்வதையும் வாக்கர் கண்டார். இவ்வெதிர் ஒட்டுறவுக்கு 1924இல் தென் அலைவு எனப் பெயரிட்டார். ஆயினும் அஃது ஏன் நிகழ்கிறது என்பதை அவரால் விளக்க இயலவில்லை. காரணம் அறியப்படாமையால் அறிஞர் பலர் அதனை ஐயுற்றனர். அவ்வையம் நீங்குமுன்னரே, 1958இல் வாக்கர் மறைந்தார்.

1969இல் பியர்க்னஸ் என்னும் வானிலை அறிஞர், பசிபிக் கடல்நீரின் வெப்ப மாறுதலோடு அவ்வலைவு பிணைந்துள்ளதை விளக்கி, அங்குள்ள காற்றோட்டத்திற்கு வாக்கர் சுழற்சி எனப் பெயர் சூட்டினார். புள்ளிகள் உறவைக் காட்டும், காரணத்தைக் காட்டா. உறவைக் கண்ட இடத்திலிருந்தே காரணத்தைத் தேடும் பயணம் தொடங்குகிறது என்பதற்கு வாக்கரின் வாழ்வு சான்றாகும்.