எலும்பு வைத்தியர் ஹியூ ஓவன் தாமஸ்

குலத்தொழிலையும் கல்வியையும் ஒருங்கே போற்றி, அவற்றின் பயனை ஏழை மக்கட்கு ஈந்த பெரியார் ஒருவரின் வரலாற்றை ஈண்டுக் கூற விழைகின்றோம்.

ஹியூ ஓவன் தாமஸ் என்பார் 1834-ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டு ஆங்கிள்ஸித் தீவிற் பிறந்தவர். அவர்தம் முன்னோர் வழிவழியாக எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவோர். தந்தையார் ஈவான் தாமஸ் லிவர்ப்பூல் நகரில் அத்தொழிலாற் பெயர் பெற்றார்; எனினும், பட்டம் பெறாதவராதலின் மருத்துவர்களின் பகைமைக்கு இலக்காகி, வழக்குகளால் இன்னலுற்றார். அதனாற் சோர்வுறாது, தம் மைந்தர் ஐவரையும் மருத்துவக் கல்வி பயில்வித்தார்.

ஹியூ எடின்பரோவிலும் லண்டனிலும் பயின்று, 1857-இல் தேர்ச்சி பெற்றார். சின்னாள் தந்தையாரோடு பணியாற்றிப் பின்னர்க் கருத்து வேறுபட்டுப் பிரிந்தார்; ஆயினும், முன்னோர் கைத்திறனைக் கைவிட்டாரல்லர். முறிந்த உறுப்பிற்கு அசைவற்ற நீண்ட ஓய்வே மருந்தெனக் கண்டு, காலைத் தாங்கும் இரும்புச் சட்டம் ஒன்றை அமைத்தார். லிவர்ப்பூற் கப்பற்றுறைத் தொழிலாளர் அவரையே நாடினர். ஞாயிறுதோறும் வறியோர்க்குக் காசு பெறாது வைத்தியஞ் செய்தார்.

மகப்பேறில்லாத அவர், மனைவி வழி மருகராகிய ராபர்ட் ஜோன்ஸைத் தம் மகவெனப் பேணித் தம் கலை முழுவதையும் பயிற்றினார். 1891-இல் அவர் மறைந்தபோது ஏழைத் தொழிலாளர் திரண்டு வந்து கண்ணீர் உகுத்தனர். பின்னர், 1914-இல் மூண்ட உலகப் போரில், ஜோன்ஸ் பரப்பிய அச்சட்டமே தொடையெலும்பு முறிந்த போர்வீரர் பலரின் உயிரைக் காத்தது.

முன்னோர் தொழிலை இழிவென நாணுதலும், அது போதுமெனக் கல்வியை ஒதுக்குதலும் பிழையே. நம் சங்கத்துப் பெற்றோர் இதனை உளங்கொள்வாராக.