புகைபோக்கிச் சிறுவர்களின் மருத்துவர்

எங்கள் அஞ்சுகிராமத்துத் தோட்டத்தில் வாழைக்கு மருந்து வைக்கும் வேலை சிறுவனாயிருந்த என் பங்கிற்கு வரும். குனிந்தால் பெரியவர்களுக்கு இடுப்பு வலிக்குமாம். பியூரடான் குருணையை வெறுங்கையால் அள்ளி வைத்திருக்கிறேன். வேதியியல் பயில வந்த பின்னரே பெர்சிவல் பாட் என்னும் ஆங்கில அறுவை மருத்துவரின் வரலாற்றை அறிந்தேன்.

1714-இல் இலண்டனில் பிறந்த அவர், மூன்று வயதில் தந்தையை இழந்தார். புனித பார்த்தலோமியு மருத்துவமனையில் பயின்று, 1749-இல் அங்கேயே அறுவை மருத்துவரானார். 1756-இல் குதிரையிலிருந்து விழுந்து கால் முறிந்தது. எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. தெருவில் கிடந்தபடியே ஒரு கதவை விலைபேசி வாங்கி, பல்லக்குத் தூக்குவோரின் கழிகளை அதில் ஆணியடிக்கச் செய்து, அதன்மேல் படுத்து வீடு சேர்ந்தாராம்! காலை வெட்டிவிட முடிவு செய்திருந்த வேளையில் அவருடைய பழைய ஆசான் வந்து காப்பாற்றினார். படுக்கையில் கிடந்த நாட்களில் எழுதத் தொடங்கினார். முதுகெலும்புக் காசநோய் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஆயினும் நான் போற்றுவது 1775-இல் அவர் எழுதிய சில பக்கங்களையே. அந்நாளில் இலண்டன் வீடுகளின் குறுகிய புகைபோக்கிகளுக்குள் ஏழைச் சிறுவர்களை ஏற்றிக் கரியைச் சுரண்டச் செய்தனர். அவர்கள் வளர்ந்து ஆளான பின் விதைப்பையில் ஆறாப் புண் தோன்றும். மருத்துவர்களோ அதைப் பால்வினை நோயென்று கருதிப் பாதரசம் கொடுத்து வந்தனர். பாட் அவர்களிடம் ஆய்வுக்கூடமும் இல்லை, சோதனை எலியும் இல்லை. நோயாளி செய்த தொழிலை நோக்கினார்; தோல் மடிப்புகளில் தங்கிய புகைக்கரியே இப்புற்றுக்குக் காரணம் என்று எழுதினார். சிறுவயதில் ஒட்டிய கரி, பல்லாண்டு கழித்து நோயாக வந்தது! 1915-இல் ஜப்பானிய அறிஞர் யாமகிவாவும் இச்சிகாவாவும் முயலின் காதில் தாரை மீண்டும் மீண்டும் பூசிப் புற்றை உண்டாக்கிக் காட்டினர்.

1788-இல் எட்டு வயதுக்குட்பட்டோரை ஏற்றலாகாது என்று சட்டம் வந்தது, எவரும் மதிக்கவில்லை. அவ்வாண்டு டிசம்பரிலேயே பாட் மறைந்தார். 1875-இல்தான் அக்கொடுமை ஓய்ந்தது.

பியூரடான் புற்றுநோய் தரும் என்று நான் சொல்ல வரவில்லை. அது நரம்பைத் தாக்கும் நஞ்சு. ஆனால் உடலில் சேரும் அதே அளவு நஞ்சு, அறுபது கிலோ எடையுள்ளவரைவிட இருபது கிலோ எடையுள்ள சிறுவனுக்கு எடைக்கு மும்மடங்காகிறது. சென்ற விடுமுறையில் இந்தக் கணக்கை அப்பாவிடம் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் தம்பியைக் கூப்பிடாமல் தாமே வாளியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார், வெறுங்கையோடு.