மிளகு போல ஒரு முட்டை!

சார்லஸ் டார்வின் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? நீளமான வெள்ளைத் தாடி, குரங்கு, பரிணாமம்... இல்லையா? தாடி முளைக்காத டார்வினைப் பார்த்திருக்கிறீர்களா? கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டு, குளிர்ந்த கடற்கரையில் பாறைக் குட்டைகளைக் கிளறிக்கொண்டிருந்த பையன் அவன். வாருங்கள், அந்தப் பையனைப் பார்க்கலாம்.

இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி என்ற ஊரில் 1809-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி பிறந்தான் சார்லஸ். அப்பா பெயர் ராபர்ட். ஊரே மதிக்கும் டாக்டர். தாத்தாவும் டாக்டர்தான். அப்புறம் என்ன, பேரனும் டாக்டர் ஆகவேண்டும் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. சார்லசுக்கோ வேட்டையும், வண்டு பிடிப்பதும்தான் பிடிக்கும். இப்படியே இருந்தால் குடும்பத்துக்கே அவமானம் என்று அப்பா ஒருநாள் திட்டித் தீர்த்துவிட்டார். 1825-ல், 16 வயதிலேயே, ஸ்காட்லாந்தில் உள்ள எடின்பரோ பல்கலைக்கழகத்துக்கு மருத்துவம் படிக்க அனுப்பினார். அண்ணன் எராஸ்மசும் கூடவே போனான்.

குளிர்காலத்தில் காலை 8 மணிக்கு மருந்துகளைப் பற்றி ஒரு வகுப்பு. கேட்கக் கேட்கத் தூக்கம்தான் வரும்! அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அறுவை சிகிச்சையைத்தான் பொறுக்க முடியவில்லை. அந்தக் காலத்தில் மயக்க மருந்து கிடையாது. அது வருவதற்கு இன்னும் இருபது ஆண்டுகள் இருந்தன. நோயாளியைப் பிடித்துக்கொண்டு, முழு நினைவு இருக்கும்போதே அறுப்பார்கள். சார்லஸ் பார்க்கப் போனது இரண்டே முறை. அதில் ஒன்று, ஒரு குழந்தைக்கு நடந்தது. முடியும்வரை அவனால் நிற்க முடியவில்லை. வெளியே ஓடி வந்துவிட்டான். பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. அந்தக் காட்சி பல ஆண்டுகள் அவனைத் துரத்தியது.

டாக்டர் ஆகமுடியாது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால், அப்பாவிடம் எப்படிச் சொல்வது? உங்களில் சிலருக்கும் இந்தப் பயம் புரியும் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் ஆண்டில் அண்ணனும் கூட இல்லை. சார்லஸ் தனியாகிவிட்டான். அப்போதுதான் ராபர்ட் கிராண்ட் என்பவரின் பழக்கம் கிடைத்தது. கிராண்டும் டாக்டருக்குப் படித்தவர்தான். ஆனால், வைத்தியத்தை விட்டுவிட்டுக் கடல் உயிரினங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். குளிக்கும்போது தேய்த்துக்கொள்ளும் கடற்பஞ்சு செடியா, விலங்கா என்று அப்போது பெரிய சண்டை. விலங்குதான் என்று நிரூபிக்கப் பாடுபட்டவர் இவர்.

எடின்பரோவுக்குப் பக்கத்திலேயே கடல். தண்ணீர் வற்றியதும் பாறைகளுக்கு நடுவே சின்னச் சின்னக் குட்டைகள் தேங்கி நிற்கும். கிராண்டும் சார்லசும் அங்கே போய், கிடைத்ததை எல்லாம் பொறுக்கி வருவார்கள். நியூஹேவன் என்ற இடத்து மீனவர்களுடனும் சார்லஸ் நட்பாகிவிட்டான். அவர்கள் சிப்பி வாரப் போகும்போது இவனும் படகில் ஏறிக்கொள்வான். வலையில் வரும் வேண்டாத குப்பைதான் இவனுக்குப் புதையல்! அறைக்குக் கொண்டுவந்து மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பான். அது ஒன்றும் நல்ல மைக்ரோஸ்கோப் இல்லை. மட்டமானது.

சிப்பி ஓடுகளில் கறுப்பாக, உருண்டையாக ஏதோ ஒட்டியிருக்கும். மீனவர்கள் அதற்குப் பெரிய மிளகு என்று பெயர் வைத்திருந்தார்கள். படித்தவர்களோ, அது ஒரு கடல்பாசியின் குருத்து என்று நம்பிவந்தார்கள். சார்லஸ் அதை ஆராய்ந்து பார்த்தான். அது பாசியே இல்லை! திருக்கை மீனின் உடம்பில் ஒட்டி ரத்தம் குடிக்கும் ஒருவகை அட்டையின் முட்டைக்கூடு!

இன்னொன்றும் கண்டுபிடித்தான். ஃபிளஸ்ட்ரா என்று ஓர் உயிரினம். கரையில் ஒதுங்கிக் கிடக்கும்போது காய்ந்த இலை மாதிரி இருக்கும். உண்மையில் அது ஏராளமான நுண்ணிய விலங்குகள் சேர்ந்து வாழும் குடியிருப்பு. அதன் முட்டை என்று சொல்லப்பட்டதை சார்லஸ் பார்த்தபோது... அட, அது நகர்கிறது! மயிரிழை போன்ற நுண்ணிய இழைகளை அசைத்து நீந்துகிறது! அப்படியானால் அது முட்டை இல்லை. லார்வா, அதாவது இளம் உயிர்.

அப்போது அவனுக்கு வயது 18. உங்களுக்கு இப்படி ஒன்று கிடைத்தால் முதலில் யாரிடம் ஓடுவீர்கள்? பிடித்த ஆசிரியரிடம்தானே! சார்லசும் அப்படித்தான் கிராண்டிடம் ஓடினான்.

அவர் பாராட்டவில்லை. கோபப்பட்டார். ஃபிளஸ்ட்ரா தான் ஆராயும் விஷயம் என்றும், அதில் இவன் தலையிடுவது நியாயமில்லை என்றும் சொல்லிவிட்டாராம். டார்வினின் மகள் பிற்காலத்தில் இதை எழுதி வைத்திருக்கிறார். விஞ்ஞானிகளிடமும் பொறாமை உண்டு என்று அப்பா அன்றுதான் தெரிந்துகொண்டாராம்.

1827-ம் ஆண்டு மார்ச் 24-ந் தேதி, எடின்பரோவின் பெரிய அறிஞர்கள் சங்கத்தில் கிராண்ட் பேசினார். அந்த மிளகு, அட்டையின் முட்டைதான் என்று அறிவித்தார். மூன்றே நாள் கழித்து, 27-ந் தேதி, மாணவர்களின் பிளினியன் சங்கத்தில் சார்லஸ் எழுந்தான். தன் இரண்டு கண்டுபிடிப்புகளையும் எடுத்துச் சொன்னான். அதுதான் அவன் வாழ்க்கையின் முதல் அறிவியல் பேச்சு. ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அதே ஆண்டு அச்சில் வந்த கட்டுரையில், முட்டையின் உண்மையை முதலில் கண்டவன் சார்லஸ்தான் என்று கிராண்ட் பெயர் போட்டு எழுதினார். ஆனாலும் முதல் நாள் பட்ட காயம் லேசில் ஆறுமா?

அடுத்த மாதமே பட்டம் வாங்காமல் எடின்பரோவை விட்டுக் கிளம்பிவிட்டான் சார்லஸ். பாதிரியார் ஆகட்டும் என்று அப்பா கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார். அங்கே ஹென்ஸ்லோ என்ற அன்பான பேராசிரியர் கிடைத்தார். அவர் சிபாரிசு செய்ததால், 1831 டிசம்பர் 27-ந் தேதி பீகிள் கப்பலில் உலகப் பயணம். கப்பல் ஆடினால் தலைசுற்றல், வாந்தி. ஆனாலும் இரண்டே வாரத்தில், துணியால் நாலடி ஆழத்துக்கு ஒரு பை தைத்துக் கப்பலின் பின்னால் கட்டி இழுத்தார் டார்வின். கண்ணுக்கே தெரியாத எத்தனையோ கடல் உயிர்கள் அதில் சிக்கின. எடின்பரோ பையன் அவருக்குள் அப்படியே இருந்தான்!

1835-ல் தென் அமெரிக்காவில், சிலி நாட்டுத் தீவுகளில் ஒரு சிப்பி கிடைத்தது. ஓடு முழுக்கப் பொடிப்பொடி ஓட்டைகள். உள்ளே ஊசித்தலை அளவில் ஒரு பார்னக்கிள். கடலோர ஊர்க்காரர்கள் பார்னக்கிளைப் பார்த்திருப்பீர்கள். பாறையிலும் படகின் அடியிலும் வெள்ளை வெள்ளையாக, கையைக் கீறும்படி ஒட்டியிருக்குமே, அதுதான். பார்க்கச் சிப்பி மாதிரி இருந்தாலும், அது நண்டு, இறாலுக்குச் சொந்தக்காரன். குஞ்சாக இருக்கும்போது நீந்தித் திரியும். பிறகு தலையை ஊன்றி ஒட்டிக்கொண்டுவிடும்.

அந்த ஊசித்தலைப் பிராணியைப் புரிந்துகொள்ள 1846-ல் உட்கார்ந்தார் டார்வின். மற்ற பார்னக்கிள்களையும் பார்த்தால்தானே ஒப்பிட முடியும்? உலகம் முழுவதிலும் இருந்து வரவழைத்தார். முடிந்தபோது 1854! எட்டு ஆண்டுகள்! நடுவே 1853-ல் ராயல் சொசைட்டி அவருக்குப் பதக்கம் கொடுத்தது. உலகையே புரட்டிப் போட்ட உயிரினங்களின் தோற்றம் பற்றிய புத்தகம் வந்தது அதற்கெல்லாம் பிறகு, 1859-ல்தான். 1882 ஏப்ரல் 19-ந் தேதி அவர் இறந்தார்.

அந்த எட்டு ஆண்டுகளைப் பற்றி ஒரு வேடிக்கைக் கதை உண்டு. டார்வினின் பிள்ளைகள் பிறந்ததில் இருந்து பார்த்தது, மைக்ரோஸ்கோப் முன்னால் குனிந்திருக்கும் அப்பாவைத்தான். எல்லா அப்பாக்களும் இப்படித்தான் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிப் பேச்சு வந்தது. அப்போது ஒரு குழந்தை சந்தேகம் கேட்டதாம்... அப்படியானால் அவர் தன்னுடைய பார்னக்கிள்களை எந்த அறையில் உட்கார்ந்து பார்ப்பார் என்று!