மணலை அளந்த மாமனிதர்

மன்னவனூரில் எங்கள் வீட்டுக்கும் பூண்டுத் தோட்டத்துக்கும் ஓர் ஊற்றுதான் தண்ணீர் தருகிறது. மழை நின்று இரண்டு மாதம் ஆன பிறகும் இது எங்கிருந்து வருகிறது என்று அப்பா ஒருநாள் கேட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எனக்கு விடை தெரியவில்லை. அந்த வெட்கம்தான் என்னை ஹென்றி டார்சியின் வரலாற்றிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

டார்சி 1803-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டு டிஜோன் நகரில் பிறந்தார். பதினான்கு வயதில் தந்தையை இழந்தார். ஆயினும் தாயார் தளராமல் மகனைப் படிக்க வைத்தார். பாரிசில் பயின்று பொறியாளரான டார்சி, நல்ல குடிநீரின்றித் தவித்த தம் ஊருக்கே உழைத்தார். சுமார் 12 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த ரோசுவார் ஊற்று நீரை மூடிய கால்வாய் வழியே 1840-இல் நகருக்குக் கொண்டுவந்தார். அதற்குரிய ஊதியத்தையும் பெற மறுத்தார்!

உடல்நலம் குன்றிய காலத்திலும் அவர் ஓயவில்லை. 1855, 1856-ஆம் ஆண்டுகளில் ஓர் இரும்புக் குழாயை நிறுத்தி, மணலை நிரப்பி, அதன் வழியே நீரைச் செலுத்தி அளந்தார். கண்ட உண்மை எளியது. மணலின் மேலும் கீழும் உள்ள நீர்மட்ட வேறுபாடு இருமடங்கானால் ஒழுகும் நீரும் இருமடங்காகும். மணலின் உயரம் இருமடங்கானால் நீர் பாதியாகும். டிஜோன் நகர நீர் வழங்கல் பற்றிய தம் நூலின் பிற்சேர்க்கையில் 1856-இல் இதை வெளியிட்டார். 1858 சனவரி 3-இல் மறைந்தார்.

அவர் விதி மறையவில்லை. இன்று நிலத்தடிப் பாறையைக் கணிப்பொறியில் சிறுசிறு கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்கு எவ்வளவு நீர் போகும் என்பதை டார்சி விதியே சொல்கிறது. வந்த நீர், போன நீர், தங்கிய நீர் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் கணக்கெழுதினால் ஆயிரக்கணக்கான சமன்பாடுகள் சேரும். நாம் வகுப்பில் போடும் ஒருங்கமை சமன்பாடுகள்தாம் அவை! நெய்வேலிச் சுரங்கத்தின் அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரை இடைவிடாது இறைக்கிறார்களே, அத்தகைய இடங்களில் எவ்வளவு இறைத்தால் நீர்மட்டம் எவ்வளவு இறங்கும் என்று முன்கூட்டியே அறிய இக்கணக்கு உதவுகிறது.

எங்கள் மலையோ கடும்பாறை. அதன்மேல் மக்கிய மண்ணிலும் பாறை வெடிப்புகளிலும் மழைநீர் மெல்ல மெல்ல நகர்ந்து ஊற்றாகக் கசிகிறது. விடுமுறையில் இதை அப்பாவிடம் சொன்னேன். சற்று நேரம் மௌனமாக இருந்தார். மறுநாள் மண்வெட்டியுடன் மேல்சரிவுக்குப் போய், ஓடும் மழைநீர் நின்று ஊறும்படி வரப்புக் கட்டத் தொடங்கினார்.

நண்பர்களே, படித்தவன் நான். விதியைப் பயன்படுத்தியவர் அப்பா. ஊருக்கு உதவும்போதுதான் கல்வி நிறைவு பெறுகிறது என்பதை டார்சியின் வாழ்வும் அந்த வரப்பும் எனக்குக் கற்பித்தன.