செங்கோட்டையில் பிறந்து கொழும்பைக் கலக்கிய குரல்... யார் இந்த எஸ்.ஜி.கிட்டப்பா?

கொரியன் சீரியலை தமிழ் டப்பிங்கில் பார்க்கிறோம். ஒரு நாட்டின் பாட்டும் கதையும் இன்னொரு நாட்டுக்குள் நுழைவது இன்டர்நெட் வந்த பிறகுதான்னு நினைச்சுட்டு இருந்தா, கொஞ்சம் 100 வருஷம் பின்னாடி போய் பார்க்கலாம். கடையநல்லூரில் இருந்து தென்காசி வழியா போனால், குற்றாலத்துக்குப் பக்கத்தில் வருகிற ஊர் செங்கோட்டை. அங்கே பிறந்த ஒருத்தரின் குரல் அப்பவே கடல் தாண்டிப் போயிருக்கு.

அவர்தான் எஸ்.ஜி.கிட்டப்பா. 'எஸ்' செங்கோட்டை, 'ஜி' அப்பா கங்காதர ஐயர். 1906 ஆகஸ்ட் 25ல் பிறந்தார். வீட்டில் வைத்த பெயர் ராமகிருஷ்ணன். அப்போ செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956ல்தான்.

சின்ன வயசிலேயே சகோதரர்களோடு நாடக மேடை ஏறிவிட்டார். அந்தக் கால மேடையில் மைக் கிடையாது. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்கிற மாதிரி பாடணும். கிட்டப்பாவின் உச்சஸ்தாயிக்குத்தான் கூட்டம் கூடியது. கன்னையா கம்பெனியின் தசாவதாரம் நாடகத்தில் அவர் பாடியதால், தியாகராஜரின் 'எவரனி' கீர்த்தனை கச்சேரிப் பக்கமே போகாதவர்களுக்கும் பழக்கமானது.

இது சுத்தமான தமிழ் மேடையா?

அதுதான் இல்லை. கிட்டப்பா பாடும்போது அவருடைய சகோதரர் காசி ஐயர் வாசித்தது ஹார்மோனியம். அது ஐரோப்பாவில் இருந்து வந்த பெட்டி. ஓவியத் திரைகள், இந்துஸ்தானி மெட்டுகள் எல்லாம் பம்பாய் பார்சி நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராக வந்துபோன பிறகு நம்ம மேடைக்குள் புகுந்தவை. இன்னைக்கு 'பாரம்பரியம்'னு சொல்லும் நாடக இசை, அன்றைக்கு செம கலப்படம். அந்தக் கலப்படம்தான் பிறகு இங்கிருந்து கடல் கடந்தது.

கொழும்பில் என்ன நடந்தது?

இலங்கை அப்போ தமிழ் நாடகக் கம்பெனிகளுக்கு நல்ல மார்க்கெட். கொடுமுடியில் பிறந்த கே.பி.சுந்தராம்பாள் அங்கே ஏற்கெனவே பிரபலம். 1926ல் கிட்டப்பாவும் கொழும்பு போனார். இரண்டு பேரும் வள்ளி திருமணம் நாடகத்தில் ஜோடி சேர்ந்தார்கள். தமிழ் மேடையின் பெரிய ஜோடி உருவானது இன்னொரு நாட்டில்! கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே திருமணம் ஆகியிருந்தது. ஆனாலும் 1927ல் சுந்தராம்பாளை மணந்தார். சில வருஷங்களில் பிரிவும் வந்தது.

கிராமபோன் எங்கிருந்து வந்தது?

1902ல் லண்டன் கிராமபோன் கம்பெனி ஆட்கள் கல்கத்தா வந்து பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். இசைத்தட்டாக அச்சானது ஜெர்மனியின் ஹனோவரில். அங்கிருந்து கப்பலில் திரும்பி வந்து இங்கே விற்பனை. 1908ல்தான் கல்கத்தாவில் தொழிற்சாலை வந்தது. கிட்டப்பா பாட வந்தபோது இந்த வியாபாரம் நல்லா வளர்ந்துவிட்டது. தமிழ்த் தட்டுகள் இலங்கை, மலேயா, சிங்கப்பூர் தமிழர்களிடமும் போய்ச் சேர்ந்தன. பிழைப்புக்காக சிங்கப்பூர் போன கடையநல்லூர்க்காரர்கள் 1941ல் அங்கே 'சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக்' என்று தனி அமைப்பே தொடங்கினார்கள்னா, அந்தக் கடல்வழி எவ்வளவு பழகியதுன்னு யோசிச்சுப் பாருங்க. ஆளும் பாட்டும் போனது அதே வழியில்தான்.

ஆனா ஒரு சிக்கல். 78 ஆர்பிஎம் தட்டின் ஒரு பக்கம் சுமார் 3 நிமிஷம்தான் ஓடும். மேடையில் ரசிகர்கள் 'ஒன்ஸ்மோர்' கேட்கக் கேட்க நீண்டுகொண்டே போன பாட்டை அதற்குள் அடக்கணும். கடல் தாண்டிப் போனது அந்தச் சுருக்கம் மட்டும்தான். விடிய விடியப் பார்த்தவர்கள் கேட்ட கிட்டப்பா வேற.

1931ல் முதல் தமிழ் பேசும் படம் காளிதாஸ் வந்தது. கிட்டப்பா எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. 1933 டிசம்பர் 2ல், 27 வயசில் இறந்துவிட்டார். அதன் பிறகு சுந்தராம்பாள் கடைசி வரை வெள்ளைப் புடவைதான். 1935ல் வந்த பக்த நந்தனார் படத்துக்கு அவர் வாங்கிய சம்பளம் 1 லட்சம் ரூபாய்.

சுந்தராம்பாளை இன்னைக்கும் திருவிளையாடலில் அவ்வையாராகப் பார்க்கலாம். கிட்டப்பா மேடையில் எப்படி நின்றார், எப்படி நடந்தார் என்று காட்ட ஒரு நிமிஷ வீடியோகூட இல்லை. இசைத்தட்டில் பதிவான குரல் மட்டும் இருக்கு. அது இப்போ கரகரப்போடு யூடியூபில் ஓடுகிறது.