சேர். பொன்னம்பலம் இராமநாதனும் இராணுவச் சட்டமும்

பதுளையிலும் அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலும் தொழில் நிமித்தம் வாழும் பழைய மாணவராகிய நாம், இவ்விழா மலருக்கு எழுதப் புகுந்தவிடத்து, சேர். பொன்னம்பலம் இராமநாதன் அவர்களின் வாழ்க்கையில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டோம். அன்னாரின் கல்விப் பணியும் சமயப் பணியும் யாவரும் அறிந்தவை. அவர்தம் சட்டப் பணியை எண்ணத் தூண்டியது நாம் வாழும் மாகாணமே. 1818ஆம் ஆண்டில் ஊவா மக்கள் கிளர்ந்தெழுந்தபோது, இராணுவச் சட்டத்தின் கீழ் இங்கே வீடுகள் எரியூட்டப்பட்டன, வயல்கள் பாழாயின. 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 25ஆந் திகதி, பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ முகாமில் அரசின் காவலில் இருந்த தமிழ் இளைஞர் இருபத்தைந்து பேருக்கு மேல், பொலிசார் அங்கு நிற்கவே, கும்பலொன்றினாற் கொல்லப்பட்டனர். நெருக்கடி வேளையிற் குடிமகனுக்குச் சட்டம் என்ன காவல் தரும் என்பது ஊவாவில் உள்ளார்க்கு வெறும் ஏட்டு வினா அன்று.

1851இற் கொழும்பிற் பிறந்த இராமநாதன், சேர். றிச்சாட் மோர்கனிடம் சட்டம் பயின்று அப்புக்காத்தானார். உயர்நீதிமன்றத்தின் பழைய தீர்ப்புகளைத் தேடித் தொகுத்து அவர் வெளியிட்ட அறிக்கைகள், நீதிமன்றங்களில் அவர் பெயராலேயே வழங்கலாயின. 1892இற் சொலிசிற்றர் ஜெனரல் ஆயினார். 1911இற் கற்ற இலங்கையரின் பிரதிநிதியாகச் சட்டநிரூபண சபைக்குத் தெரிவு செய்யப்பட்டார்.

1915ஆம் ஆண்டு மே 28ஆந் திகதி இரவு, கண்டியிற் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே மூண்ட கலகம் பல மாகாணங்களிற் பரவியது. ஜூன் 2ஆந் திகதி தேசாதிபதி சேர். றொபேட் சால்மர்ஸ் இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தார். கலகம் சில நாட்களில் அடங்கிற்று. சட்டமோ ஓகஸ்ற் 30 வரை நீடித்தது. விசாரணையின்றிப் பலர் சுடப்பட்டனர். எட்வேட் ஹென்றி பேதிரிஸ் என்னும் இளைஞர் இராணுவ நீதிமன்றத் தீர்ப்பினால் ஜூலை 7ஆந் திகதி கொல்லப்பட்டார். டீ. எஸ். சேனாநாயக்கா முதலியோர் சிறையிருந்தனர்.

வாய் திறப்போர் அருகிய அவ்வேளையில் இராமநாதன் சபையில் எழுந்து பேசினார். அவர் பேச்சிற் கண்ணீரினும் கணக்கே மிகுதி என்பது நமது கருத்து. எந்நாளிற் கலகம் ஓய்ந்தது, எந்நாளிற் சுட்டனர் என்று நாளோடு நாளை ஒப்பிட்டார். நாட்டின் நீதிமன்றங்கள் திறந்திருக்கக் குடிமக்களை இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தியது ஏன் என வினவினார். இராணுவச் சட்டம் அவசியத்தாற் பிறப்பது. அவசியம் நீங்கியபின் அதற்கு உயிரில்லை என்பதே அவர் வாதத்தின் அடிப்படை. குற்றஞ் செய்யாதாரிடமும் நட்டஈடு அறவிட்டதை எதிர்த்தார். யுத்த காலக் கடற்பயணத்தின் ஆபத்தையும் பாராது இங்கிலாந்து சென்று முறையிட்டார். 1916இல் இலண்டனிலே இப்பொருள் பற்றிய அவர் நூல் வெளிவந்தது. சால்மர்ஸ் திருப்பி அழைக்கப்பட்டார். அவர்பின் வந்த சேர். யோன் அண்டர்சன், விசாரணையின்றிச் சுட்ட செயல்களைக் கண்டித்தார். தாயகம் மீண்ட இராமநாதனின் வண்டிக் குதிரைகளை அவிழ்த்துவிட்டுச் சிங்களப் பெருமக்கள் தாமே இழுத்துச் சென்றனர்.

புகழ்ந்து மட்டும் எழுதுதல் நமக்கு உடன்பாடன்று. கடைகளையும் பள்ளிவாசல்களையும் இழந்த முஸ்லிம்களின் துயருக்கு அவர் போதிய இடம் அளிக்கவில்லை என்ற மனக்குறை அச்சமூகத்தில் நெடுநாள் இருந்தது, அது நியாயமானதே. தோட்ட மக்கள் நிலையையும் நாம் மறக்கவியலாது. ஒப்பந்தம் மீறித் தோட்டத்தை விட்டு நீங்கிய தொழிலாளியைச் சிறையிலிடும் சட்டம் கலகமில்லாக் காலத்திலும் நடைமுறையில் இருந்தது. அதனை ஒழிக்கப் பெரிதும் பாடுபட்டவர் தமையனார் அல்லர், தம்பியார் சேர். பொன்னம்பலம் அருணாசலமே. டொனமூர் ஆணைக்குழு சர்வசன வாக்குரிமையை விதந்துரைத்தபோது, முதுமையிலும் இராமநாதன் அதனை எதிர்த்து நின்றார்.

1930ஆம் ஆண்டு நவம்பர் 26ஆந் திகதி அவர் காலமானார். அடுத்த ஆண்டு நடந்த தேர்தலில், தோட்டத் தொழிலாளருள் ஒரு பகுதியினர் முதன்முதலாக வாக்களித்தனர்.